சமாதி, கோட்டை, சிறை, அருங்காட்சியகம்: ஒரு ரோமக் கட்டடத்தின் 1,900 ஆண்டுகள்

ரோம் நகரத்தின் பழங்கட்டடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் முன்வைக்கப்படுகின்றன. அக்காலத்துக் கட்டுமானம் அவ்வளவு உறுதியானது, அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் அசையாமல் நிற்கிறது என்பது முதலாவது. வடக்கிலிருந்து வந்த காட்டுமிராண்டிக் கூட்டங்கள் இடித்திராவிட்டால் இன்னும் எத்தனையோ கட்டடங்கள் முழுமையாக இருந்திருக்கும் என்பது இரண்டாவது. நேற்றுக் கட்டிய பாலம் இன்று விழுந்துவிட்டதே என்ற அங்கலாய்ப்போடு முதல் கருத்தைக் கைபேசிப் படங்களின் கீழே பலரும் படித்திருப்பார்கள். இரண்டிலும் சிறிதளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு முக்கியமான கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. கட்டி முடித்த நாளுக்கும் இன்றைக்கும் இடைப்பட்ட அத்தனை நூற்றாண்டுகளில் அந்தக் கட்டடத்துக்குள் யார் இருந்தார்கள், அதை எதற்காக வைத்திருந்தார்கள்?

இக்கேள்விக்கு விடை தரும் கருத்துக்கு மறுபயன்பாடு என்று பெயர். ஒரு தேவைக்காகக் கட்டிய கட்டடத்தை, அத்தேவை மறைந்த பிறகும் இடித்துவிடாமல், வேறொரு தேவைக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்துவதே மறுபயன்பாடு. டைபர் ஆற்றங்கரையில் பேரரசர் ஹேட்ரியனுக்காகக் கட்டப்பட்டு, இன்று சாந்த் ஆஞ்செலோ கோட்டை என்று அழைக்கப்படும் வட்டக் கட்டடத்தை வைத்து அது நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். ஒப்பிடுவதற்கு வசதியாக, அதே நகரத்தில், ஏறத்தாழ அதே வடிவில், அதே வகைக் கலவையால் கட்டப்பட்டு வேறு கதியை அடைந்த இன்னொரு பேரரசரின் சமாதியும் இருக்கிறது.

## புடவையும் தூளியும்

முதலில் ஒரு நூல் புடவையை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது அது வெளியே உடுத்திச் செல்லப் பயன்பட்டது. சாயம் மங்கியதும் வீட்டுப் புடவையாயிற்று. நன்றாக நைந்து மெத்தென்று ஆன பிறகு பிள்ளைக்குத் தூளியாகக் கட்டப்பட்டது. தூளியும் கிழிந்தபின், நான்காகக் கிழிக்கப்பட்டு அடுப்பங்கரையில் கரித்துணியாக இன்னும் சில மாதங்கள் வாழ்ந்தது. பரணில் மடித்து வைக்கப்பட்டுப் பூச்சி அரித்த புடவைகளைவிட இதன் ஆயுள் நீளமானது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அது முன்பு இருந்ததில் ஏதோ ஒன்றை இழந்தது. அத்துடன், அடுத்த வேலை எது என்பதை அதனிடம் ஏற்கெனவே இருந்த குணமே தீர்மானித்தது. மெத்தென்று இருந்ததால்தான் தூளியாயிற்று.

அதே பெட்டியில் இருந்த பட்டுப் புடவைக்கு நேர்ந்தது வேறு. பழைய பட்டு வாங்குபவர் தெருவில் வந்தபோது அது எடைக்குப் போயிற்று. வாங்கியவர் அதைப் புடவையாகப் பார்க்கவில்லை, சரிகையில் இருந்த வெள்ளியைப் பார்த்தார். துணியை எரித்து, வெள்ளியை உருக்கி எடுத்துக்கொண்டார். உயர்ந்த பொருளால் நெய்யப்பட்டதே அதன் அழிவுக்குக் காரணமாயிற்று.

பழங்கட்டடங்களுக்கும் இந்த இரண்டு வழிகளே பெரும்பாலும் திறந்திருந்தன. முழுதாக நிற்பதால் கிடைக்கும் பயன், பிரித்து எடுத்தால் கிடைக்கும் பொருளைவிட யாருக்காவது பெரிதாகத் தோன்றும்வரை கட்டடம் நிற்கும். அந்தக் கணக்கு எப்போது தலைகீழாகிறதோ அப்போது அது கல் குவாரியாகிவிடும்.

## முதல் வேலை: பேரரசரின் சாம்பலைக் காப்பது

ஹேட்ரியனுக்கு முன்பே ரோமில் பேரரசர்களுக்கு ஒரு பெரிய சமாதி இருந்தது. முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 28ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய, ஏறத்தாழ 90 மீட்டர் விட்டம் கொண்ட வட்டக் கட்டடம் அது. இத்தகைய மாபெரும் சமாதிக் கட்டடத்துக்கு மௌசோலியம் என்று பெயர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கிக் கடற்கரையை ஆண்ட மௌசோலஸ் என்பவருக்கு எழுப்பப்பட்ட கல்லறையிலிருந்து வந்த சொல் அது. அகஸ்டஸின் மௌசோலியத்தில் கடைசியாக வைக்கப்பட்ட பேரரசர் நெர்வா. அவர் இறந்தது கி.பி. 98இல். அடுத்த பேரரசர் டிராஜனின் சாம்பல் அவருடைய வெற்றித் தூணின் அடிப்பீடத்தில் வைக்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த ஹேட்ரியன், தனக்கும் தன் வழியில் வருவோருக்கும் ஆற்றின் மறுகரையில் புதிய சமாதி ஒன்றைத் தொடங்கினார். அங்கே செல்வதற்கென்று ஒரு பாலத்தையும் கட்டினார். 138இல் அவர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டில், அவருக்குப் பின் வந்த பேரரசர் அன்டோனினஸ் பயஸ் அதை நிறைவுசெய்தார்.

ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 89 மீட்டர் நீளமுள்ள சதுரமான அடித்தளம், அதன்மேல் ஏறத்தாழ 64 மீட்டர் விட்டம் கொண்ட உருளை, அதற்கும் மேலே சிலைகள் என்பதே அதன் அமைப்பு. உள்ளே ஒரு சரிவுப் பாதை சுழன்றுகொண்டே ஏறி, நடுவிலுள்ள அறையை அடைகிறது. பேரரசர்களின் சாம்பல் பேழைகள் அங்கே இருந்தன. 217இல் கொல்லப்பட்ட கராகல்லா வரையில் பலருடைய சாம்பல் அங்கே சேர்ந்தது.

இக்கட்டடம் எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். இதன் உள்ளுடல் ரோமக் கான்கிரீட்டால் ஆனது. சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் கலந்த சாந்தில் உடைகற்களை இட்டு இறுகச் செய்த கலவையையே ரோமக் கான்கிரீட் என்கிறோம். வெளியே தெரிந்த பகுதி முழுவதும் வெண்பளிங்கால் போர்த்தப்பட்டிருந்தது. அதாவது, பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டது விலையுயர்ந்த ஒரு மேலுறை. பாரத்தைத் தாங்கியதோ யாரும் விலை கொடுத்து வாங்காத உள்ளுடல்.

## சமாதி எப்படிக் கோட்டையானது?

271 முதல் 275 வரையில் பேரரசர் ஆரேலியன் ரோமைச் சுற்றி ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய மதிலை எழுப்பினார். எதிரி தலைநகரின் வாசல்வரை வர மாட்டான் என்ற நம்பிக்கை போய்விட்டதன் அடையாளம் அந்த மதில். ஹேட்ரியனின் சமாதியோ ஆற்றின் மறுகரையில், பாலத்தின் மறுமுனையில் நின்றது. அதை எதிரி பிடித்துக்கொண்டால், அங்கிருந்தபடியே பாலத்தைக் கடந்து நகருக்குள் இறங்கிவிடலாம். நம் கையில் இருந்தால், பாலத்துக்கு வரும் எவனையும் மேலிருந்தே தடுத்துவிடலாம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் ஹொனோரியஸ் மதில்களை வலுப்படுத்தியபோது சமாதியும் அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டுடன் இணைக்கப்பட்டது.

இவ்விடத்தில் யாரும் பெரிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கோட்டைக்கு வேண்டிய தடித்த சுவர், உயரம், குறுகலான ஒற்றை நுழைவு ஆகிய எல்லாம் சமாதியிடம் முன்பே இருந்தன. இறந்தவர்களை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடுகள், உயிரோடிருப்பவர்களைக் காக்கவும் அப்படியே பொருந்தின. புடவையின் மென்மை தூளிக்குப் பயன்பட்டதைப் போன்றதுதான் இது.

537இல் கோத் என்ற ஜெர்மானிய இனத்தவரின் அரசர் விட்டிகிஸ் ரோமை முற்றுகையிட்டபோது இந்தப் புதிய வேலை சோதனைக்கு உள்ளாயிற்று. நகரத்தைக் காத்து நின்ற பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) படைத்தலைவர் பெலிசாரியஸுடன் இருந்த புரோகோபியஸ் என்ற வரலாற்றாசிரியர் அன்று நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். கோத் வீரர்கள் பெரிய கேடயங்களை முன்னால் பிடித்துக்கொண்டு, புனித பேதுரு ஆலயத்துக்குச் செல்லும் தூண் மண்டபத்தின் மறைவில் ஏணிகளோடு நெருங்கி வந்துவிட்டார்கள். சுவருக்கு அவ்வளவு அருகில் வந்தவர்களின்மீது கல்லெறியும் பொறிகளைத் திருப்ப முடியவில்லை. அம்புகளோ கேடயங்களில் பட்டு விழுந்தன. வேறு வழியில்லாத காவல் வீரர்கள், சமாதியின்மேல் நின்ற பளிங்குச் சிலைகளை உடைத்து, அந்தத் துண்டுகளை இரண்டு கைகளாலும் தூக்கிக் கீழே இருந்தவர்களின் தலையில் போட்டார்கள். தாக்குதல் முறிந்தது.

ஹேட்ரியன் காலத்துச் சிற்பிகள் மாதக்கணக்கில் செதுக்கியவை ஒரு பிற்பகலில் எறிகற்களாயின. அவற்றை உடைத்தவர்கள் காட்டுமிராண்டிகள் என்று பெயர் வாங்கிய கோத்துகள் அல்லர், ரோமைக் காக்க நின்றவர்களே. அன்று சிலைகளைக் கட்டிக்காத்திருந்தால் கோட்டை போயிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே முற்றுகையில் நடந்த இன்னொன்று மறுபயன்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேல்நிலைக் கால்வாய்களைக் கோத்துகள் வெட்டிவிட்டார்கள். 216இல் திறக்கப்பட்ட கராகல்லாவின் மாபெரும் குளியல் கூடங்கள் அத்துடன் செயலிழந்தன. அவை சமாதியைவிட எத்தனையோ மடங்கு பெரியவை, உறுதியிலும் குறைந்தவை அல்ல. ஆனால் தண்ணீர், விறகு, ஆட்கள் என்று வெளியிலிருந்து ஓயாமல் வரும் வரத்தை நம்பி நின்றவை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் சில பத்தாயிரம் பேராகச் சுருங்கிவிட்டபோது, ஊர்க்கோடியில் இருந்த அந்தக் கூடங்களை வைத்து என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஃபர்னேசே என்ற பிரபுக் குடும்பத்தார் அங்கே தோண்டிச் சிலைகளை எடுத்துச் சென்றார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு கட்டடத்தின் அடுத்த வேலையை அதன் வடிவமும் அது நிற்கும் இடமும் முடிவு செய்கின்றன. அந்த வேலை கட்டடத்தைக் காப்பாற்றுகிறது, கூடவே அதிலிருந்து எதையோ பிடுங்கியும் கொள்கிறது.

## பெயரும் ஒரு காவல்

590இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது, போப்பாண்டவர் முதலாம் கிரகோரி மக்களோடு வேண்டுதல் பவனி சென்றதாகவும், அப்போது ஹேட்ரியனின் சமாதி உச்சியில் அதிதூதர் மிக்கேல் தோன்றித் தம் வாளை உறையில் இட்டதாகவும், அத்துடன் நோய் தணிந்ததாகவும் மரபுக் கதை ஒன்று உண்டு. புனித தூதர் என்று பொருள்படும் சாந்த் ஆஞ்செலோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. உச்சியில் அதிதூதரின் சிலை வைக்கப்பட்டு, பழுதானபோதெல்லாம் புதியது வைக்கப்பட்டது. 1497இல் மின்னல் தாக்கி வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது ஒரு சிலை அழிந்தது. 16ஆம் நூற்றாண்டில் ரஃபாயேல்லோ தா மொன்தேலூப்போ செய்த பளிங்குத் தூதர் இன்று கீழே முற்றத்தில் நிற்கிறார். மேலே நிற்கும் வெண்கலத் தூதர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தவர்.

கதையை நம்புவதும் நம்பாததும் ஒருபுறம் இருக்கட்டும். பழைய தெய்வங்களையும் பேரரசர்களையும் சார்ந்த கட்டடங்கள் கிறித்தவ நகரத்தில் அநாதையாக நின்ற காலம் அது. 609இல் பாந்தியன் கோயில், போப்பாண்டவர் நான்காம் போனிஃபாஸ் கையால் தேவமாதாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாயிற்று. கல் தேடி வருபவன் பாழடைந்த கோயிலில் கைவைக்கத் தயங்க மாட்டான், ஆலயத்தில் கைவைக்க யோசிப்பான். புதிய பெயர் இப்படியும் ஒரு காவலாகப் பயன்பட்டது.

## கல்லின் விலை

இனி பட்டுப் புடவையின் கதைக்கு வருவோம். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியல்படி ஒன்றே. இரண்டும் கால்சியம் கார்பனேட். காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடேற்றினால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதை நீற்றி மணலோடு கலந்தால் கட்டட வேலைக்குச் சாந்து தயார். தொலைவிலுள்ள மலையிலிருந்து கல் வெட்டி வண்டியில் ஏற்றி வருவதைவிட, பக்கத்துத் தெருவில் சும்மா கிடக்கும் பளிங்குத் தூணை உடைத்துக் காளவாயில் போடுவது மலிவு. இடைக்கால ரோமில் பழைய கட்டடங்களின் நடுவிலேயே காளவாய்கள் புகைந்தன. சிலைகளும் கல்வெட்டுகளும் அவற்றில் வெந்து, புதிய வீடுகளின் சுவருக்குள் சாந்தாகப் போய்ச் சேர்ந்தன. ரோமின் பழமையை மிகுதியாகத் தின்றது படையெடுப்பைவிட இந்த அன்றாட வேலைதான் என்பது என் கருத்து. கொத்தனாருக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. அதில் பகையோ வன்மமோ இல்லை.

எல்லாக் கல்லும் காளவாய்க்குப் போகவில்லை. பழைய கட்டடத்திலிருந்து கழற்றி எடுத்துப் புதிய இடத்தில் உருக்குலையாமல் வைக்கப்படும் தூண், சிற்பம், கல்வெட்டு ஆகியவற்றை ஸ்போலியா என்கிறார்கள். அகஸ்டஸின் மௌசோலியத்திலிருந்து வந்த ஒரு ஸ்போலியாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அகஸ்டஸின் பேத்தியும் பேரரசர் காலிகுலாவின் தாயுமான மூத்த அக்ரிப்பினாவின் சாம்பல் வைக்கப்பட்டிருந்த கனத்த பளிங்குக் கல் அது. சாம்பல் கலசத்துக்காக அதன் நடுவில் ஒரு குழி தோண்டப்பட்டிருந்தது. முகப்பில் அவர் யாருடைய மகள், யாருடைய பேத்தி, யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று அழகான எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. இடைக்காலத்தில் ரோம் நகர ஆட்சி அந்தக் கல்லைக் காபிடோலியக் குன்றுக்குக் கொண்டுபோய்த் தானியம் அளக்கும் முகத்தலளவையாக வைத்துக்கொண்டது. குழி ஆழமாக இருந்தது, கல் தேயாது, எவனும் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. அளவைக்கு வேறென்ன வேண்டும்? பேரரசரின் தாயுடைய சாம்பல் இருந்த குழியில் கோதுமையைக் கொட்டி, தலைதட்டி அளந்தார்கள். எழுத்துகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. அந்தக் கல் அதே குன்றில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காளவாய்க்குப் போகாமல் அதைக் காத்தது அந்தக் குழிதான்.

## ஒரே வடிவம், வேறு கதி

இப்போது இரண்டு சமாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அகஸ்டஸின் மௌசோலியமும் ஒரு காலத்தில் கோட்டையாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் கொலோன்னா என்ற பிரபுக் குடும்பம் அதைத் தன் காவல் அரணாக வைத்திருந்தது. ஆனால் அந்த அரண் நகரத்துக்கு இன்றியமையாததாக இருக்கவில்லை. ஒரு குடும்பம் வலுவிழந்தபோது அரணும் வலுவிழந்தது. மேலுறைக் கற்கள் உரிக்கப்பட்டன, மண் மேடிட்டது, மேட்டின்மேல் திராட்சைக் கொடி படர்ந்தது. 1546இல் அதை வாங்கிய சோதெரீனி குடும்பம் உள்ளே தோட்டம் அமைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது காளை விளையாட்டரங்காயிற்று, வாணவேடிக்கையும் நடந்தது. 1908இல் கூரை வேய்ந்த இசையரங்காகி, அகஸ்டேயோ என்ற பெயரில் ரோமின் முதன்மையான இசைக்கூடமாக விளங்கியது.

ஹேட்ரியனின் சமாதிக்குக் கிடைத்த வாய்ப்பு வேறானது. அவர் இடம் தேர்ந்தெடுத்து இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, அங்கிருந்து நடந்து போகும் தொலைவில், பேரரசர் கான்ஸ்டன்டைன் புனித பேதுரு ஆலயத்தை எழுப்பச் செய்தார். அதன்பின் ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்த திருப்பயணிகள் நகரிலிருந்து ஆலயத்துக்குப் போக ஹேட்ரியனின் பாலத்தைத்தான் கடந்தார்கள். கோட்டையைப் பிடித்தவன் பாலத்தைப் பிடித்தான், பாலத்தைப் பிடித்தவன் போப்பாண்டவரையே கட்டுப்படுத்தினான். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரெசென்ஸி என்ற ரோமப் பிரபுக் குடும்பத்தின் தலைவர் உள்ளிருந்து ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் ஆட்டோவை எதிர்த்தார். 998இல் பிடிபட்டு உயிரிழந்தார். 1084இல் போப்பாண்டவர் ஏழாம் கிரகோரியே உள்ளே முற்றுகைக்கு உள்ளானார். இவ்வளவு பேர் சண்டையிட்டுக்கொண்ட கட்டடத்தில் சும்மா கல் உரிக்க யார் விடுவார்கள்?

ஒருமுறை விட்டார்கள். திருச்சபை இரண்டாகப் பிளந்து இரண்டு போப்பாண்டவர்கள் போட்டியிட்ட காலத்தில், பிரான்சின் அவிஞோன் நகரைச் சார்ந்த போப்பாண்டவர் தரப்பை ஆதரித்த காவற்படை ஒன்று கோட்டைக்குள் இருந்தபடி நகரத்தைத் துன்புறுத்தியது. 1379இல் அது சரணடைந்ததும், கொதித்துப்போயிருந்த ரோம் மக்கள் இந்தக் கட்டடமே இருக்கக்கூடாது என்று இடிக்கத் தொடங்கினார்கள். பளிங்கும் வெட்டுகற்களும் போய்த் தெருவுக்குத் தளமாயின. ஆனால் உள்ளுடலை இடிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ரோமக் கான்கிரீட்டின் உறுதி உண்மையிலேயே கட்டடத்தைக் காத்த தருணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இருபது ஆண்டுகளுக்குள் போப்பாண்டவர் ஒன்பதாம் போனிஃபாஸ் அதே உள்ளுடலின்மேல் கோட்டையை மீண்டும் எழுப்பினார்.

கட்டுமான உறுதி என்பது கட்டடத்தை இடிப்பதற்கான செலவை உயர்த்துகிறது. அதற்கு மேல் அதனால் செய்யக்கூடியது குறைவு. கட்டடம் நிற்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்தாக வேண்டும். அகஸ்டஸின் சமாதிக்கு அப்படிப்பட்டவர்கள் விட்டுவிட்டு வந்தார்கள். ஹேட்ரியனுடையதற்குப் பெரும்பாலும் இடைவெளியின்றி வந்தார்கள்.

## மேலே குளியலறை, கீழே சிறை

13ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் மூன்றாம் நிக்கோலாஸ் வத்திக்கானிலிருந்து கோட்டைக்கு மதிலின்மேலேயே செல்லும் ஒரு பாதையை ஏற்படுத்தினார். பஸ்ஸேத்தோ என்று அழைக்கப்படும் அது ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ளது. 1527 மே 6ஆம் நாள், புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடத் தொடங்கியபோது, போப்பாண்டவர் ஏழாம் கிளமென்ட் இந்தப் பாதை வழியாகத்தான் ஓடித் தப்பினார். ஒரு மாதம் உள்ளே அடைந்து கிடந்து, ஜூன் தொடக்கத்தில் பணிந்தார். பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனூத்தோ செல்லீனி அந்த மாதத்தில் கோட்டையின் பீரங்கிகளை இயக்கியதோடு, போப்பாண்டவரின் பொன் முடிகளை உருக்கியும் கொடுத்தார். அதே செல்லீனி 1538இல் அதே கோட்டையில் கைதியாக அடைக்கப்பட்டார். படுக்கை விரிப்புகளைக் கிழித்து முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்ப முயன்றபோது காலை உடைத்துக்கொண்டார். இவற்றையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். தன்னைப் பற்றிச் சொல்வதில் அவர் சிக்கனக்காரர் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஒரு கட்டடத்துக்கு ஒரு காலத்தில் ஒரே வேலைதான் இருக்கும் என்று நினைப்பதும் தவறு. 16ஆம் நூற்றாண்டில் இந்த உருளையின் மேல்தளத்தில் போப்பாண்டவர் மூன்றாம் பவுலுக்காக ஓவியம் தீட்டப்பட்ட கூடமும், ஏழாம் கிளமென்டின் வெந்நீர்க் குளியலறையும் இருந்தன. நடுவிலுள்ள வட்ட அறையில் திருச்சபையின் கருவூலப் பெட்டகங்கள் இருந்தன. முற்றுகைக் காலத்துக்கென எண்ணெயும் தானியமும் வேறு அறைகளில் நிரப்பப்பட்டன. கீழே இருட்டறைகளில் கைதிகள் இருந்தார்கள். தடித்த சுவர் ஒன்றே இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது. பணத்தையும் கைதியையும் போப்பாண்டவரையும் ஒரே மாதிரிச் சுவர்தான் காக்க வேண்டியிருந்தது.

ஒரு கட்டடம் காக்கப்படுவதற்கு இன்னொன்று விலை கொடுத்த கதையும் இங்கே உண்டு. 1620களில் போப்பாண்டவர் எட்டாம் ஊர்பன் கோட்டையை வலுப்படுத்தும்போது, பாந்தியனின் முகமண்டபத்துக் கூரையில் இருந்த பழைய வெண்கல உத்திரங்களைக் கழற்றி எடுத்தார். அதில் பெரும்பங்கு இக்கோட்டைக்குப் பீரங்கிகளாக வார்க்கப்பட்டது. அவர் பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்தவர். காட்டுமிராண்டிகளைக் குறிக்கும் சொல்லும் அதுபோலவே ஒலிக்கும் என்பதால், பார்பாரிகள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள் என்று ரோம் மக்கள் ஏளனம் செய்தார்கள். அதே ஊர்பன் கோட்டை அகழியைத் தோண்டியபோது, சாய்ந்து உறங்கும் ஒரு வனதேவனின் பளிங்குச் சிலை அகப்பட்டது. 537இல் மேலிருந்து எறியப்பட்டவற்றுள் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அது இன்று ஜெர்மனியில் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் உறங்குகிறது.

## எது அசல்?

இன்று கோட்டைக்குள் நுழைபவர் முதலில் ஏறுவது ஹேட்ரியன் காலத்துச் சுழல் சரிவில்தான். ஏறத்தாழ 125 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் சுவர்களில் பளிங்கு இல்லை, வெறும் செங்கல் தெரிகிறது. தரையில் அங்கங்கே பழைய மொசைக்கின் சிறு கற்கள் எஞ்சியிருக்கின்றன. சரிவு முடிந்ததும், கட்டடத்தின் வயிற்றை ஊடறுத்துச் செல்லும் நேரான இன்னொரு சரிவு தொடங்குகிறது. போப்பாண்டவர்களின் காலத்தில் மேலே விரைவாகச் செல்வதற்காகக் குடைந்தது அது. பேரரசர்களின் சாம்பல் இருந்த அறையை அது ஒரு சிறிய பாலத்தின்மேல் கடக்கிறது. அதாவது, கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த அறை, பின்னால் வந்தவர்களுக்கு வழியில் குறுக்கிட்ட ஒரு பள்ளம். பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தால் ஒரு கலசம்கூட இல்லாத வெற்றுச் சுவர்கள் மட்டுமே தெரிகின்றன.

ஆகவே எது அசல் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 139ஆம் ஆண்டுக் கட்டடம் வேண்டுமென்றால் போப்பாண்டவர்களின் அறைகளைப் பெயர்த்து எறிய வேண்டும். எறிந்தால் மிஞ்சுவது மேலுறை உரிந்த கான்கிரீட் மேடு.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அகஸ்டஸின் சமாதியில் இதைச் செய்தே பார்த்தார்கள். அகஸ்டஸ் பிறந்து 2,000 ஆண்டுகள் ஆவதைக் கொண்டாட விரும்பிய முசோலினி, அதன்மேல் ஏறியிருந்த நூற்றாண்டுகளை எல்லாம் அகற்றி ரோமானிய சமாதியை வெளிக்கொணர முடிவுசெய்தார். 1934இல் சுற்றுப்புற வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். 1936 மே மாதத்தில் இசையரங்கில் கடைசிக் கச்சேரி நடந்தது. பிறகு அரங்கும் இடிக்கப்பட்டது. வெளிப்பட்டது, அலுவலகக் கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கத்தின் நடுவே, பள்ளத்தில் கிடக்கும் மொட்டைச் சுவர்களும் அவற்றின்மேல் நட்ட சைப்ரஸ் மரங்களும். சமாதியாக அதற்கு வேலை இல்லை, இசையரங்காக இருந்த வேலையும் போயிற்று. அடுத்த பல பத்தாண்டுகளில் பெரும்பாலான காலம் அது பூட்டியே கிடந்தது.

சாந்த் ஆஞ்செலோவில் அப்படி நடக்கவில்லை. 1870இல் ரோம் இத்தாலிய அரசின் கைக்கு வந்ததும் கோட்டை ராணுவக் குடியிருப்பாகவும் சிறையாகவும் பயன்பட்டது. பிறகு ராணுவப் பொறியாளர்களே அதைப் பழுதுபார்க்க முன்வந்தார்கள். 1925இல் அது தேசிய அருங்காட்சியகமாயிற்று. அருங்காட்சியகம் என்பதும் ஒரு மறுபயன்பாடுதான். அதுவும் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது: நுழைவுச் சீட்டுக் கூண்டு வைக்கிறது, கைப்பிடிக் கம்பி பதிக்கிறது, எந்த அறையைத் திறப்பது எதை மூடுவது என்று தீர்மானிக்கிறது. முன்பு வீரர்கள் காவல் நின்ற மேல்மாடத்தில் இப்போது ஒரு காப்பிக் கடை இருக்கிறது. அம்பு எய்வதற்காக விட்ட இடைவெளிகளின் வழியே பார்த்தால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் நேரெதிரே தெரிகிறது.

ஆற்றின் மறுகரையில், நடந்தால் பதினைந்து நிமிடத் தொலைவில், அகஸ்டஸின் சமாதி நீண்ட சீரமைப்புக்குப் பின் 2021 மார்ச் மாதத்தில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கும் அப்போது அதே வேலைதான் கிடைத்தது.